எம்.கே. தியாகராஜ பாகவதர்: வாழ்வும் ரசிகர் மரபின் காப்புரைகளும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரையின் முதல் பெரும் பாடக நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய பெயருக்கு இழுக்கு நேராமல் காக்கும் ரசிகர் மரபு ஒன்று தொடர்கிறது. அம்மரபு அவர் குற்றமற்றவர் என்பதையும் அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்பதையும் இடைவிடாது வலியுறுத்தி வந்துள்ளது. பாகவதரின் வாழ்க்கையை வரன்முறையாக எடுத்துரைக்கும் இக்கட்டுரை, அந்தக் காப்புரைகள் அவருடைய வாழ்வில் எவற்றைக் காத்தன, எவற்றை மறைத்தன என்பதை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாகவதர், ரசிகர் மரபு, இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு, பாடக நடிகர், ஹரிதாஸ், பாபநாசம் சிவன்.

முன்னுரை

கலைஞர் ஒருவரின் வரலாறு இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. ஒன்று ஆவணங்களில், மற்றொன்று அவரை நேசித்தோரின் நினைவில். இவ்விரண்டும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. பாகவதரைப் பற்றி இன்று வழங்கும் செய்திகளுள் பெரும்பகுதி நினைவின் வழி வந்தது. தங்கத் தட்டில் உணவுண்டவர், சிறை சென்றதால் எல்லாம் இழந்தவர், இறுதியில் வறுமையில் வாடி மறைந்தவர் என்னும் மூன்று கூற்றுகளில் அவருடைய நாற்பத்தொன்பது ஆண்டு வாழ்வு அடக்கப்பட்டுவிடுகிறது. இக்கூற்றுகளைப் பரப்பியோர் அவருடைய பகைவர் அல்லர். அவரை உயிராக நேசித்தோரே. அன்பினால் பிறந்த இச்சுருக்கம் அவருடைய கலைவாழ்வுக்கு நீதி செய்கிறதா என்னும் வினா இங்கு முதன்மை பெறுகிறது.

இளமையும் இசைப்பயிற்சியும்

மாயவரத்தில் 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம், பொற்கொல்லர் மரபில் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரிக்கும் மாணிக்கத்தம்மாளுக்கும் மகனாகத் தியாகராஜன் பிறந்தார். குடும்பம் பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாத சிறுவர் பாட்டின் மீது கொண்ட பற்றால் வீட்டை விட்டு வெளியேறிக் கடப்பை வரை சென்றார் என்றும், அங்குக் கூட்டத்தின் நடுவே பாடிக்கொண்டிருந்த மகனைத் தந்தை கண்டு அழைத்து வந்தார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

திருச்சியில் ரசிக ரஞ்சனி சபையை நடத்திவந்த இரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயர், சிறுவரின் குரல்வளத்தை உணர்ந்து, பத்து வயதளவில் அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையான கருநாடக இசைப்பயிற்சி கிடைத்தது. ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடமும் அவர் பயின்றார். அரங்கேற்றத்தில் மிருதங்க வித்துவான் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவருக்குப் பாகவதர் என்னும் பட்டத்தைச் சூட்டினார் என்பர். பரம்பரை இசைக்குடியில் பிறவாத ஒருவர், நாடகமேடை வழியே வந்து, கச்சேரி மேடைக்குரிய பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டது அக்காலச் சூழலில் எளிய செயல் அன்று. பின்னாளில் ரசிகர்கள் அவரை வெறும் நடிகர் என்று கூறப் பொறுக்காமல், சங்கீத வித்துவான் என்று அழுத்தம் கொடுத்துப் பேசியதன் காரணத்தை இங்குக் காணலாம்.

திரையும் பாடலும்

பவளக்கொடி நாடகத்தில் அருச்சுனனாக நடித்து அவர் பெற்ற புகழே திரைக்கு வழி வகுத்தது. கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 1934இல் வெளிவந்த பவளக்கொடி திரைப்படத்தில் பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அறிமுகமாயினர். பாபநாசம் சிவனின் பாடல்கள் அப்படத்தில் இடம்பெற்றன. சிவனின் சொல்லும் பாகவதரின் குரலும் இணைந்த அந்தக் கூட்டு அடுத்த பத்தாண்டுகளின் தமிழ்த் திரையிசைக்கு அடித்தளமாயிற்று.

ஒய்.வி. ராவ் இயக்கிய சிந்தாமணி 1937இல் வெளிவந்து ஓராண்டுக்கு மேல் ஓடியது. அப்படத்தின் வருவாயைக் கொண்டு மதுரையில் கட்டப்பட்ட திரையரங்கு சிந்தாமணி என்றே பெயர் பெற்றது. அதே ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதி வெளிவந்தது. இளங்கோவனின் உரையாடல் அப்படத்திற்குத் தனிச்சிறப்பைத் தந்தது. தொடர்ந்து திருநீலகண்டர் (1939), அசோக்குமார் (1941), சிவகவி (1943) ஆகிய படங்கள் அவருடைய செல்வாக்கை உச்சத்திற்குக் கொண்டுசென்றன.

இக்காலத்தில் ரசிகர் கூட்டம் இரு அணியாகப் பிரிந்து நின்றது. புதுக்கோட்டை பி.யு. சின்னப்பாவின் ரசிகர்கள் அவருடைய நடிப்பையும் சண்டைத் திறனையும் முன்னிறுத்தினர். உத்தம புத்திரனில் (1940) அவர் ஏற்ற இரட்டை வேடம் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. பாகவதர் அணியினர் குரலினிமையையும் தோற்றப் பொலிவையும் முன்வைத்தனர். தோள்வரை புரண்ட பாகவதரின் முடியலங்காரத்தை இளைஞர் பலர் மேற்கொண்டமையால் பாகவதர் கிராப்பு என்னும் வழக்கே தமிழில் தோன்றியது. கலைஞரின் பெருமையைத் தம் பெருமையாகக் கருதி வாதிடும் மனப்பாங்கு, பின்வந்த நட்சத்திரங்களின் மன்றங்களுக்கு முன்பே, இவ்விரு அணியினரிடம் உருப்பெற்றுவிட்டது எனலாம்.

இசை வரலாற்று நோக்கில் இக்காலத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தமிழிசை இயக்கம் வலுப்பெற்று, கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்குரிய இடம் குறித்து வாதம் நடந்த ஆண்டுகள் இவை. சபைகளில் வாதம் நடந்துகொண்டிருந்தபோதே, திரையரங்கின் தரைச்சீட்டில் அமர்ந்திருந்த உழைப்பாளர்கள் கருநாடக இராகங்களில் அமைந்த தமிழ்ப் பாடல்களைப் பாகவதரிடமிருந்து கேட்டு மனப்பாடம் செய்துகொண்டனர். இராகத்தின் பெயரை அறியாதவரும் அதன் வடிவத்தை அறிந்திருந்தனர். ஹரிதாஸ் படப் பாடலால் சாருகேசி இராகம் பொதுமக்களிடையே பரவியதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அப்பாடலுக்குப் பின்னால் பாபநாசம் சிவனும் ஜி. இராமநாதனும் இருந்தனர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

கொலை வழக்கும் ரசிகரின் முதற் காப்பும்

சுந்தர்ராவ் நட்கர்ணி இயக்கிய ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வெளிவந்தது. சில வாரங்களிலேயே பாகவதரின் வாழ்வு திசை மாறியது.

சி.என். இலட்சுமிகாந்தன் என்பார் சினிமா தூது என்னும் இதழை நடத்தித் திரைத்துறையினரின் அந்தரங்கங்களை எழுதிவந்தார். பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநரிடம் முறையிட்டதைத் தொடர்ந்து அவ்விதழின் உரிமம் நீக்கப்பட்டது. பின்னர் அவர் இந்து நேசன் இதழ்வழி அதே பணியைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்ட இலட்சுமிகாந்தன் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். முன்னர் முறையிட்ட மூவரும் சதிக் குற்றச்சாட்டின் பேரில் கைது செய்யப்பட்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளின் துணையோடு நடந்த விசாரணையின் முடிவில், 1945 மே மாதம் ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார்; பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்திற்கே அனுப்பியது. மறுவிசாரணையில் வி.எல். எத்திராஜ் வாதாடினார். அரசுத் தரப்புச் சான்றுகள் ஏற்கத்தக்கவை அல்ல எனக் கருதப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர்.

இந்த இரண்டாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் ரசிகர்கள் ஆற்றிய எதிர்வினை குறிப்பிடத்தக்கது. நாயகன் கொலைச்சதிக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் ஹரிதாஸ் திரையரங்கை விட்டு அகலவில்லை. சென்னை பிராட்வே திரையரங்கில் அது 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. சிறைக்குள் அடைபட்டிருந்தவரின் குரல் சென்னை நகரில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தது. பெற்றோரைப் புறக்கணித்துத் தவறிழைத்த மகன் துன்புற்றுத் திருந்தி இறையருள் பெறும் கதை அது. அக்கதையைப் பார்த்தோர் திரைப்பாத்திரத்தின் துயரத்தில் நடிகரின் துயரத்தையும் கண்டிருத்தல் கூடும். பேச்சாகவோ எழுத்தாகவோ அமையாமல், நுழைவுச்சீட்டு வாங்குவதன் வழி நிகழ்ந்த இந்த ஆதரவே ரசிகர்கள் அவருக்கு அளித்த முதற் காப்பு எனக் கருதலாம்.

விடுதலைக்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகள்

விடுதலையான பாகவதர் சொந்தமாகத் தயாரித்த ராஜமுக்தி 1948இல் வெளிவந்தது. புனேயில் உருவான அப்படத்தின் எழுத்துப் பணிக்காகச் சென்ற புதுமைப்பித்தன் காசநோய் முற்றி அவ்வாண்டு ஜூன் மாதம் மறைந்தார். தமிழ்ச் சிறுகதை வரலாற்றின் பேரிழப்பும் பாகவதரின் திரைவாழ்வின் முதற்பெரும் தோல்வியும் இவ்வாறு ஒரே படத்தோடு தொடர்புற்றன. அதன்பின் அமரகவி, சியாமளா ஆகிய இரண்டும் 1952இல் வெளிவந்தன. 1957இல் அவரே இயக்கிய புதுவாழ்வு வந்தது. இவற்றுள் எதுவும் பழைய வெற்றியைத் தரவில்லை.

இத்தோல்விகளுக்குக் கொலை வழக்கே காரணம் என்பது ரசிகர் மரபின் உறுதியான முடிபு. வழக்கு அவருடைய பொருளையும் உடல்நலத்தையும் மனவுறுதியையும் பெரிதும் பறித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஒன்றே காரணம் என்னும் கருத்து ஒப்பீட்டில் நிற்பதில்லை. அவரோடு ஒரே தண்டனை பெற்று ஒரே நாளில் விடுதலையான என்.எஸ். கிருஷ்ணன் மீண்டும் திரையில் வெற்றி பெற்றார். நல்லதம்பி (1949), மணமகள் (1951) ஆகியன அதற்குச் சான்று. அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் மலைக்கள்ளன் என்னும் பெருவெற்றிப் படத்தை இயக்கினார். வழக்கின் கறையை மக்கள் இவ்விருவர் மீதும் ஏற்றவில்லை. பாகவதர் மீதும் ஏற்றவில்லை என்பதை ஹரிதாசின் ஓட்டமே காட்டிவிட்டது.

மாறியது திரைக்கலையின் இயல்பு. நடிப்பவரே பாடவேண்டும் என்னும் கட்டாயத்தைப் பின்னணிப் பாடல்முறை நீக்கியது. ஒரு படத்தில் ஐம்பது பாடல்கள் வரை இடம்பெற்ற காலம் முடிந்து, பாடல்கள் குறைந்தன. வேலைக்காரி (1949) முதலாகத் திராவிட இயக்க எழுத்தாளர்களின் அடுக்குமொழி உரையாடல் திரையை ஆட்கொண்டது. அமரகவியும் சியாமளாவும் வெளிவந்த அதே 1952ஆம் ஆண்டில்தான் பராசக்தியும் வந்தது. புராணக் கதைமாந்தரின் பாடலைக் கேட்க வந்த தலைமுறைக்குப் பின், சமகாலச் சமூகத்தின் வழக்கைக் கேட்க வந்த தலைமுறை திரையரங்கில் அமர்ந்திருந்தது. சின்னப்பா 1951இல் மறைந்தார். பாடக நடிகர் என்னும் வகையே மெல்ல மறையத் தொடங்கிய காலம் அது.

இச்சூழலிலும் பாகவதர் பாடுவதை நிறுத்தவில்லை. திரை கைவிட்ட ஆண்டுகளில் கச்சேரி மேடை அவருக்கு ஆதரவு தந்தது. 1959இல் பொள்ளாச்சியில் நடந்த கச்சேரிக்குப் பின்னரே அவருடைய நோய் முற்றியது என்று வாழ்க்கை வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். சென்னைப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் 1959 நவம்பர் 1ஆம் நாள் மறைந்தார். உடல் திருச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நடித்த இறுதிப் படமான சிவகாமி அவருடைய மறைவுக்குப் பின் 1960இல் வெளிவந்தது. அதனோடு சேர்த்து அவர் நடித்த படங்கள் பதினான்கு.

மறைவுக்குப் பின் எழுந்த காப்புரைகள்

பாகவதர் மறைந்தபின் ரசிகர் மரபு மூன்று வகைகளில் இயங்கியது. முதலாவது, குற்றமின்மையை நிலைநாட்டும் முயற்சி. கொலை வழக்கு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 1945இன் தீர்ப்பு நினைவுகூரப்படுவதும் 1947இன் விடுதலை மறக்கப்படுவதும் உண்டு. அந்த இரண்டாம் தீர்ப்பை விடாது நினைவூட்டியோர் ரசிகர்களே. இது உணர்ச்சி சார்ந்ததாகத் தோன்றினும் ஆவணத்தோடு முற்றும் பொருந்திய காப்புரை ஆகும்.

இரண்டாவது, குரலைக் காக்கும் முயற்சி. தொடக்கக் காலப் படங்கள் சிலவற்றின் படச்சுருள்கள் இன்று கிடைப்பதில்லை. எனினும் இசைத்தட்டுகளைத் தனியார் சேகரித்துக் காத்தமையாலும், இலங்கை வானொலி உள்ளிட்ட நிலையங்கள் பழைய பாடல்களை ஒலிபரப்பியமையாலும் அவருடைய பாடல்கள் அடுத்த தலைமுறைகளுக்குக் கிடைத்தன. பாகவதரைப் பின்பற்றிப் பாடத் தொடங்கிய டி.எம். சௌந்தரராஜன் தமிழ்த் திரையின் முதன்மைப் பின்னணிப் பாடகராக உயர்ந்தமையால், பாகவதரின் பாணி உயிருள்ள மரபாகவும் தொடர்ந்தது.

மூன்றாவது, துயரக் கதையைப் பேணும் முயற்சி. எழுத்தாளர் விந்தன் பாகவதரின் கதையை நூலாக எழுதினார். அதற்கு அப்பால் வாய்மொழிக் கதைகள் பல பெருகின. கோயில் வாசலில் அமர்ந்திருந்த பாகவதரை அடையாளம் தெரியாத ஒருவர் இரவலர் எனக் கருதிக் காசு இட்டார் என்னும் கதை அவற்றுள் பரவலானது. இக்கதைகளின் அமைப்பு அவருடைய திரைக்கதைகளின் அமைப்பை ஒத்திருப்பது ஆய்வுக்குரியது. அசோக்குமாரில் அவர் ஏற்ற குணாளன் பார்வையிழந்து அலைபவன். ஹரிதாசில் ஏற்ற பாத்திரம் செல்வத்திலிருந்து வீழ்ந்து உடலுறுப்பையும் இழப்பவன். அம்பிகாபதி உயிரையே இழப்பவன். உயர்ந்தோன் வீழ்ந்து, வீழ்ச்சியால் தூய்மை பெறும் அக்கதைகளில் பயின்ற ரசிகர் மனம், தன் நாயகனின் வாழ்வையும் அதே வார்ப்பில் நினைவில் இருத்திக்கொண்டது எனக் கொள்ள இடமுண்டு. அவருடைய நோயும் பொருள் இழப்பும் உண்மையே. அவற்றின் மீது படிந்த வண்ணம் திரையிலிருந்து வந்தது.

காப்புரைகளின் பயனும் இழப்பும்

முதலிரு காப்புரைகளால் விளைந்த பயன் பெரிது. அவை இல்லையெனில் பாகவதர் பழைய கொலை வழக்கொன்றின் குற்றவாளிப் பெயராக மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். மூன்றாவது காப்புரையின் விளைவு வேறு. அது அவருக்கு இரக்கத்தைத் தேடித் தந்தது. அதற்கு ஈடாக அவருடைய கலைவாழ்வின் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டது.

பறிபோனவற்றுள் முதலாவது, விடுதலைக்குப் பிந்தைய உழைப்பு. பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து படங்களில் நடித்து, ஒன்றைத் தாமே இயக்கி, இறுதிவரை கச்சேரி செய்த ஒருவரைச் செயலற்றுக் கிடந்தவராகக் கதைகள் காட்டுகின்றன. இரண்டாவது, கூட்டுழைப்பு. தனியொருவரின் எழுச்சியும் வீழ்ச்சியுமாகக் கதை சொல்லப்படும்போது பாபநாசம் சிவன், ஜி. இராமநாதன், இளங்கோவன் போன்றோரின் பங்கு பின்னிருளில் மறைகிறது. மூன்றாவது, இசை ஆய்வு. மேல்தாயியில் அவர் குரல் இயங்கிய முறை, நாடகமேடைப் பாடலின் பாணியையும் கச்சேரிப் பாணியையும் அவர் இணைத்த விதம், தமிழ்ச் சொல்லை இராகத்திற்குள் சிதையாமல் ஒலித்த திறம் ஆகியன விரிவான ஆய்வைப் பெறவில்லை. தங்கத் தட்டைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு அவருடைய ஒரு பாடலின் சங்கதி அமைப்பும் பேசப்படவில்லை.

முடிவுரை

திருச்சியில் பாகவதருக்குத் தமிழக அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. பெயர் நிலைபெற்றுவிட்டது, குற்றமின்மை நீதிமன்றத்தால் 1947இலேயே உறுதிப்பட்டது. ஆகவே இனி அவருக்காக வாதாடவேண்டிய தேவை பெரிதும் குறைந்துள்ளது. எஞ்சிய பணி ஆவணப் பணியாகும். சிதறிக் கிடக்கும் இசைத்தட்டுகள், பாட்டுப் புத்தகங்கள், படச்சுருள்கள், வழக்குப் பதிவுகள் ஆகியவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தல் வேண்டும். அவற்றுள் பெரும்பகுதி முதிய ரசிகர்களின் இல்லங்களில் இருக்கின்றன. துயரக் கதையைக் கூறிவந்த அதே கைகள்தாம் இசைத்தட்டுகளையும் உடையாமல் காத்துவந்தன. அவர்களுடைய கதைகளை ஐயுற்று ஆராயும் ஆய்வாளர், அவர்களுடைய சேகரிப்பை நன்றியோடு பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர். அப்பணி காலந்தாழ்ந்தால் கதைகள் எஞ்சும், குரல் எஞ்சாது.